கதவுக்கு முட்டாக இருந்த சிலை

1935-ஆம் ஆண்டின் கடைசியில் சிகாகோ பல்கலைக்கழக மாணவர் ஜே பெர்வாங்கருக்கு ஒரு தந்தி வந்தது. நியூயார்க்கில் உள்ள டவுன்டவுன் அத்லெட்டிக் கிளப் என்ற மன்றம், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் கல்லூரிகளில் தலைசிறந்த அமெரிக்கக் கால்பந்து வீரராக அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, வந்து பரிசை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சேதி. பெர்வாங்கருக்குப் பரிசைவிட அந்தப் பயணம்தான் பெரிதாகப்பட்டது. அதற்குமுன் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. ஊர் திரும்பியதும் பல்கலைக்கழகத்தில் சிலர் கைகுலுக்கிப் பாராட்டினார்கள், அதோடு சரி. வெண்கலச் சிலையை வைத்துக்கொள்ள அவரிடம் வசதியான இடமில்லை. அத்தை வீட்டில் கொடுத்துவைத்தார். கனமான பொருள்; அலமாரித் தட்டில் அடங்கவில்லை. கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமலிருக்க அத்தை அதை முட்டாக வைத்துவிட்டார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மிக உயர்ந்த விருது, தன் முதல் வருடங்களில் ஒரு வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

2024 டிசம்பர் 14, சனிக்கிழமை இரவு. நியூயார்க்கின் லிங்கன் சென்டர் அரங்கம். நேரலை ஒளிபரப்பு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் டிராவிஸ் ஹன்டர் பெயர் அறிவிக்கப்பட்டதும் அவர் எழுந்து பயிற்சியாளரையும் தாயையும் கட்டிக்கொண்டார். மேடையில் அவர் கையில் எடுத்தது, பெர்வாங்கரின் அத்தை வீட்டில் இருந்த அதே சிலையின் மறுவார்ப்பு. அந்த மேடைக்கு வருவதற்கு ஐந்து மாதம் முன்பே ஹன்டரின் படம் ஒரு வீடியோ கேம் உறையில் வந்து, கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. விளம்பர ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன. சட்டப்படி, வெளிப்படையாக.

இரண்டும் ஹைஸ்மன் விருதுதான். நடுவில் 89 ஆண்டுகள். விருதின் உருவம் மாறவில்லை. அதை வாங்குகிறவருக்கு இந்த உலகம் என்ன கடன்பட்டிருக்கிறது என்ற கணக்குத்தான் அடியோடு மாறிவிட்டது. அந்தக் கணக்கை மாற்றியவர்களில் பலருக்கு மாற்றத்தால் ஒரு காசும் கிடைக்கவில்லை என்பதால்தான் இந்தக் கதையை எழுத எனக்கு ஆர்வம் வந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அல்ல; நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடுவது, தலைக்கவசம் போட்டு ஒருவரை ஒருவர் மோதி வீழ்த்துவது. அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டு என்பது கல்லூரி ஆண்டு விழாவோடு முடிகிற சமாச்சாரமும் அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைதோறும் அது நிறையும். தொலைக்காட்சி உரிமைக்குக் கோடிக்கணக்கான டாலர், பயிற்சியாளருக்கு மாகாண ஆளுநரைவிடப் பல மடங்கு சம்பளம். இத்தனை பணத்துக்கு நடுவில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் மாணவருக்கு மட்டும் கூலி கூடாது என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றுக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் அவர் விளையாட்டின் தூய்மையைக் கெடுத்தவராகக் கருதப்பட்டார். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. இந்த விதியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது.

பெர்வாங்கர் காலத்தில் இந்த விதி அவ்வளவு கொடுமையாகத் தெரியவில்லை. ஆட்டத்திலேயே பணம் குறைவு. பொருளாதார வீழ்ச்சிக் காலம்; அவர் உணவகத்தில் பரிமாறியும் லிஃப்ட் இயக்கியும் படித்தார். 1936-இல் தொழில்முறைக் கால்பந்து அணிகள் முதன்முறையாக வரிசைப்படி கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, அந்த வரலாற்றின் முதல் பெயர் அவருடையது. ஆனால் அவர் போகவில்லை. அணிகள் தரத் தயாராக இருந்த தொகையை நம்பி வாழ முடியாது என்று கணக்குப் போட்டு, நுரை ரப்பர் விற்கப் போனார். பிறகு சொந்தத் தொழில் தொடங்கி நன்றாகவே வாழ்ந்தார். அவருடைய பல்கலைக்கழகமோ 1939-இல் கால்பந்தையே கைவிட்டது. அவர் ஓடிய ஸ்டேக் மைதானத்தின் பார்வையாளர் வரிசைக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மி குழு மனிதர் உருவாக்கிய, தானே நீடிக்கும் முதல் அணுக்கருத் தொடர்வினையை நடத்தியது. விளையாட்டைவிட முக்கியமான வேலைகள் பல்கலைக்கழகத்துக்கு உண்டு என்று நினைத்த ஒரு காலமும் இருந்தது.

சிலையை வடித்தவர் ஃபிராங்க் எலிஸ்கு என்ற 23 வயது இளைஞர். தன் பள்ளித் தோழரான, நியூயார்க் பல்கலைக்கழக வீரர் எட் ஸ்மித்தை அழைத்து, பந்தை ஒரு கையில் இடுக்கி மறுகையை நீட்டி எதிராளியைத் தள்ளுகிற நிலையில் நிற்கச் சொன்னார். தோழருக்கு உதவி செய்ததாக நினைத்து ஸ்மித் போய்விட்டார். நாடே கொண்டாடும் அந்த உருவம் தன்னுடையது என்பது அவருக்கு 1982-இல்தான் தெரியவந்தது. விருதின் பெயரும் முதல் ஆண்டில் வேறு. மன்றத்தின் விளையாட்டு இயக்குநராக இருந்த ஜான் ஹைஸ்மன் 1936 அக்டோபரில் இறந்தார், பெயர் அவருடையதானது. அதே ஆண்டில் மிசிசிப்பி எல்லையும் நீங்கி, நாடு முழுவதற்குமான விருதாக அது மாறியது.

பழைய படங்களையும் செய்திகளையும் பார்க்கும்போது என்னை மிகவும் நிறுத்திவைப்பவை ஏற்புரைகள். பரிசு வாங்கும்போது இருபது இருபத்திரண்டு வயதுதான். அந்த வயதில் நாட்டின் முன்னால் நின்று என்ன பேசுவது? 1939-இல் ஐயோவா பல்கலைக்கழகத்தின் நைல் கின்னிக் பேசியபோது ஐரோப்பாவில் போர் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. போர்க்களத்தில் அல்லாமல் விளையாட்டுக் களத்தில் மோதும் பேறு தனக்குக் கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னார். கடற்படையில் சேர்ந்து விமானியானார். 1943 ஜூன் 2 அன்று, வெனிசுவேலா கரையோரம் பயிற்சியில் பறந்தபோது எஞ்சின் எண்ணெய் கசிந்து விமானம் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. வயது 24. ஐயோவா அணியின் மைதானத்துக்கு இன்று அவர் பெயர்.

1973-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜான் கப்பலெட்டி பேசினார். வீட்டில் 11 வயதுத் தம்பி ஜோயிக்கு இரத்தப் புற்றுநோய். நான் ஆடுவது பருவத்துக்குச் சில மாதம், அவன் போராடுவது நாள் முழுக்க, வருடம் முழுக்க, ஆகவே இது அவனுக்குத்தான் என்கிற பொருளில் பேசி விருதைத் தம்பிக்குக் கொடுத்தார். விருந்து மண்டபத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். அந்த மேடையில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர், துணைக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்று ஒரு வாரமே ஆகியிருந்த ஜெரால்ட் ஃபோர்டு. இளமையில் மிச்சிகன் அணிக்கு ஆடியவர் அவர். 1934-இல் ஓடிவந்த ஒருவரைப் பிடித்து வீழ்த்தும்போது இடது கண்ணுக்குக் கீழே வெட்டுப்பட்டு, அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. ஓடிவந்தவர் பெர்வாங்கர். தம்பி ஜோயி 1976-இல் இறந்தான்.

2019-இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜோ பரோ பேசிய ஏற்புரையும் இந்த வரிசையில்தான் வருகிறது. அவர் வளர்ந்தது ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கில், வறுமை மிகுந்த ஏதன்ஸ் வட்டாரத்தில். பள்ளி விட்டு வீட்டுக்குப் போனால் தட்டில் சோறு இல்லாத பிள்ளைகள் அங்கே நிறைய உண்டு, அவர்களுக்காகவும் நான் இங்கே நிற்கிறேன் என்று கண்ணீரோடு சொன்னார். அதைக் கேட்ட ஊர்க்காரர் ஒருவர் அங்குள்ள உணவு வங்கிக்காக இணையத்தில் நன்கொடை திரட்டத் தொடங்கினார். 5 லட்சம் டாலருக்குமேல் சேர்ந்தது. கின்னிக்கின் பேச்சும் கப்பலெட்டியின் பேச்சும் அந்த விருந்து மண்டபத்தை உருக்கின. பரோவின் பேச்சு அன்றிரவே கைப்பேசிகளில் ஊர் ஊராகப் போய் உணவாக மாறியது. நேரலை ஒளிபரப்பும் சமூக ஊடகமும் இந்த விருதுக்குச் செய்த கேடுகளைப் பலர் பேசுவார்கள். இந்த ஒரு நன்மையையும் சேர்த்தே பேச வேண்டும்.

எல்லாப் பேச்சுகளுக்கும் மேடை கிடைத்துவிடவில்லை. 1956-இல் விருது நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் பால் ஹார்னங்குக்குப் போனது. அந்தப் பருவத்தில் அவர் அணி ஆடிய 10 ஆட்டங்களில் 8-இல் தோற்றிருந்தது. தோற்ற அணியிலிருந்து ஒருவர் ஹைஸ்மன் வாங்கியது அந்த ஒரு முறைதான். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஜிம் பிரவுன் அந்த ஆண்டு வாக்கெடுப்பில் ஐந்தாவது இடம். பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் அவரைப்போல் ஓடியவர் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வாக்குப் போட்ட எழுத்தாளர்களின் மனத்தில் என்ன இருந்தது என்று நான் தனித்தனியே சொல்ல முடியாது. ஆனால் 1935 முதல் 1960 வரை 26 விருதுகளில் ஒன்றுகூடக் கறுப்பினத்தவருக்குப் போகவில்லை.

1961-இல் அது போனது. அதே சிரக்யூஸ், பிரவுன் அணிந்திருந்த அதே 44-ஆம் எண் சட்டை. பெயர் எர்னி டேவிஸ். இரண்டு ஆண்டு முன்பு அவருடைய அணி தேசிய சாம்பியன் ஆனபோது, டல்லஸ் நகரில் நடந்த காட்டன் பவுல் ஆட்டத்தின் சிறந்த வீரர் அவர்தான். விருந்துக்கு வந்து பரிசை வாங்கிக்கொள்ளலாம், பிறகு கறுப்பின வீரர்கள் வெளியேறிவிட வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். ஹைஸ்மன் வாங்க நியூயார்க் வந்தபோது, நகரில் இருந்த குடியரசுத் தலைவர் கென்னடி அவரைச் சந்தித்துக் கைகுலுக்கினார். அடுத்த கோடையில் டேவிஸுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி அவரை எடுத்திருந்தது. ஜிம் பிரவுனும் அவரும் ஒரே அணியில் ஓடியிருப்பார்கள். ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 1963 மே மாதம் 23 வயதில் இறந்தார். அவர் ஒருநாளும் அணிந்து ஆடாத 45-ஆம் எண்ணை, இனி வேறு யாருக்கும் இல்லை என்று அந்த அணி ஒதுக்கிவைத்தது. இன்று மேடையேறும் கறுப்பின வீரரின் நிறத்தை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை. அப்படிச் சொல்லாமலிருப்பதை டேவிஸின் காலத்தில் யாரும் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது.

விருது வாங்குபவர் களத்தில் செய்யும் வேலையும் மாறிவிட்டது. பந்தோடு ஓடுபவரை ரன்னிங் பேக் என்பார்கள். பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். 1973 முதல் 1983 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள் ஹைஸ்மன் ஓடுபவர்களுக்கே போனது. அதில் ஒருவர் ஒஹாயோ ஸ்டேட்டின் ஆர்ச்சி கிரிஃபின். 1974, 1975 இரண்டு ஆண்டும் வாங்கினார். இரண்டு முறை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவரே. பிறகு பந்து வீச்சே ஆட்டத்தின் உயிரானது. 2000 முதல் 2024 வரை 25 விருதுகளில் 20 குவார்ட்டர்பேக்குகளுக்கு. முன்வரிசையின் நடுவில் நின்று மோதி, மற்றவர் ஓட வழி திறந்துவிடும் வீரர்களுக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒஹாயோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் 1973-இல் இரண்டாம் இடம்வரை வந்தார், அவ்வளவுதான். தேரை இழுப்பவர்கள் பலர், வடம் பிடித்த ஒருவருக்கு மட்டும் மாலை என்கிற இந்தக் குறை விருதோடு கூடவே பிறந்தது. பாதுகாப்பு ஆட்டக்காரர் ஒருவருக்குக் கிடைக்கவே 62 ஆண்டு பிடித்தது: 1997, மிச்சிகனின் சார்ல்ஸ் உட்ஸன்.

இந்த இடத்தில் டிராவிஸ் ஹன்டர் ஒரு வியப்பு. பெர்வாங்கர் காலத்தில் எல்லோரும் இரண்டு பக்கமும் ஆடினார்கள். தாக்குதலில் ஓடியவரே தற்காப்பிலும் நின்றார், பந்தை உதைத்தவரும் அவரே. பின்னர் ஆள் மாற்றும் விதி தளர்ந்து, அவரவர்க்கு ஒரு வேலை என்றானது. அறுபது ஆண்டுகளாக இப்படியே இருந்த ஆட்டத்தில் ஹன்டர் தாக்குதலில் பந்து பிடிப்பவராகவும், தற்காப்பில் அதைத் தடுப்பவராகவும் ஒரே பருவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை களத்தில் நின்றார். பழைய சிலையின் ஆட்டத்தை இன்றைய உடல்களோடு ஆடிக் காட்டியவர் அவர்.

சிலைக்காக நடக்கும் பிரசாரமும் வளர்ந்த கதைதான். 1970-இல் நோட்ர டேமின் குவார்ட்டர்பேக் ஜோ தீஸ்மன்னின் பெயரை ஹைஸ்மனோடு எதுகையாக இருக்கட்டும் என்று ‘தைஸ்மன்’ என உச்சரிக்கச் சொன்னார் பல்கலைக்கழகத்தின் விளம்பர அதிகாரி. வீரரும் சம்மதித்தார், குடும்பப் பெயரின் ஓசையே மாறியது. விருது ஸ்டான்ஃபோர்டின் ஜிம் பிளங்கெட்டுக்குப் போனது. மாறிய ஓசை மட்டும் நிலைத்துவிட்டது. 2001-இல் ஆரிகன் பல்கலைக்கழகத்துக்காக ஜோயி ஹாரிங்டனின் பத்து மாடி உயரப் பதாகை ஒன்று நியூயார்க்கின் நடுவில் எழுந்தது. செலவு 2,50,000 டாலர். அவர் நான்காவதாக வந்தார். வாக்களிப்பவர்கள் இன்று 900-க்கு மேல்: ஆறு வட்டாரங்களிலிருந்து 870 ஊடகத்தார், உயிரோடிருக்கும் முன்னாள் வெற்றியாளர்கள், ரசிகர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு வாக்கு. விருதைத் தொடங்கிய மன்றமோ இன்று இல்லை. உலக வர்த்தக மையத்துக்கு அருகில் இருந்த அதன் கட்டடம் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் மூடப்பட்டது, மன்றம் திவாலானது. ஓர் அறக்கட்டளை சிலையைக் காத்து வருகிறது.

கூடைப்பந்தில் இப்படி ஒரே ஒரு சிலை இல்லை. பல விருதுகள், அவற்றுக்குள் பெருமைக்குப் போட்டி. 1959-இல் எழுத்தாளர் சங்கம் தொடங்கிய விருதின் முதல் வெற்றியாளர் சின்சினாட்டியின் ஆஸ்கர் ராபர்ட்சன். 1998-இலிருந்து அந்த விருதுக்கே அவர் பெயர். ஆட்டத்தை 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் கண்டுபிடித்த ஜேம்ஸ் நேஸ்மித் பெயரில் அட்லாண்டாக்காரர்கள் தருவது 1969 முதல். யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஜான் வுடன் பெயரில் லாஸ் ஏஞ்சல்ஸ் அத்லெட்டிக் கிளப் தருவது 1977 முதல்.

நேஸ்மித் விருதின் முதல் வெற்றியாளர் லூ அல்சிண்டர். பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகம் அறிந்தவர். அவர் 1965-இல் யூ.சி.எல்.ஏ.-வில் சேர்ந்தபோது முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக் கூடாது. அந்த ஆண்டு நவம்பரில் புது அரங்கின் திறப்புக்காக ஒரு நட்பு ஆட்டம் வைத்தார்கள்: முந்தைய இரண்டு ஆண்டும் தேசிய சாம்பியனான முதன்மை அணிக்கு எதிராக முதலாண்டுப் பிள்ளைகள். பிள்ளைகள் 75-60 என்று வென்றார்கள். நாட்டின் சிறந்த அணியை வீழ்த்திய பையன் மீதிப் பருவம் முழுக்கத் தன் வகுப்புத் தோழர்களோடு தனியே ஆடிக்கொண்டிருந்தார். நேஸ்மித் விருது வந்தது நான்காம் ஆண்டில். 1972-இல் அந்தத் தடை நீங்கியது. 2007-இல் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் கெவின் டுரான்ட் முதலாண்டிலேயே நேஸ்மித், வுடன் இரண்டையும் வாங்கிய முதல் ஆண் வீரர் ஆனார். சில மாதத்தில் தொழில்முறைக்குப் போய்விட்டார். ஆன்டனி டேவிஸ், சையன் வில்லியம்ஸன், 2025-இல் டியூக்கின் கூப்பர் ஃபிளாக் எல்லோரும் அதே வழி. ரால்ஃப் சாம்ஸன் 1981, 1982, 1983 என மூன்று முறை நேஸ்மித் வாங்கியதுபோல் ஒரு கல்லூரியில் ஒருவர் வளர்வதைப் பார்க்கும் வாய்ப்பு ரசிகருக்குக் குறைந்துவிட்டது. கால்பந்திலும் 2022, 2023, 2024 மூன்று ஹைஸ்மன் வெற்றியாளர்களும் ஏற்கெனவே வேறு பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு மாறிவந்தவர்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பயிற்சியாளர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அதிகச் சம்பளத்துக்குப் போனபோதெல்லாம் இந்த வருத்தத்தை யாரும் இவ்வளவு உரக்கச் சொன்னதில்லை என்பதையும் மறக்க முடியவில்லை.

1995-இல் வுடன் விருதை வாங்கியவர் எட் ஓபேனன். யூ.சி.எல்.ஏ.-வை அந்த ஆண்டு தேசிய சாம்பியனாக்கியவர். என்.பி.ஏ.-வில் இரண்டு பருவம், பிறகு வெளிநாட்டு அணிகள், அதன்பின் லாஸ் வேகஸ் பக்கம் கார் விற்பனை. ஒரு நாள் நண்பர் வீட்டில், நண்பரின் மகன் வீடியோ கேமில் ஆடுவதைப் பார்த்தார். திரையில் 1995-இன் யூ.சி.எல்.ஏ. அணி. மொட்டைத் தலை, இடதுகை, 31-ஆம் எண் சட்டை. பெயர் மட்டும் இல்லை. அந்த உருவத்தை விற்றுப் பலர் சம்பாதித்திருந்தார்கள், உருவத்துக்கு உரியவரை யாரும் கேட்கக்கூட இல்லை.

2009-இல் ஓபேனன் வழக்குத் தொடுத்தார். 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன், வீரர்களின் பெயருக்கும் உருவத்துக்கும் எதுவும் தரக் கூடாது என்று என்.சி.ஏ.ஏ. தடுப்பது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். 2021 ஜூனில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.-வுக்கு எதிராக முடிவெடுத்தது. பத்து நாளில், ஜூலை 1 அன்று, மாணவர்கள் விளம்பரங்களில் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. 2025 ஜூனில் அதே வில்கன் ஏற்ற சமரசத்தின்படி பல்கலைக்கழகமே தன் வீரர்களுக்கு முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை பகிர்ந்து கொடுக்கலாம் என்றானது. வழக்கால் 2013-க்குப் பின் நின்றுபோயிருந்த கால்பந்து வீடியோ கேம் 2024 ஜூலையில் திரும்பி வந்தபோது, அதில் இடம்பெறச் சம்மதித்த ஒவ்வொரு மாணவருக்கும் 600 டாலர் கொடுத்தார்கள். உறையில் டிராவிஸ் ஹன்டர். கார் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் தொடங்கிய வழக்கின் கோடு நேராக வந்து அந்த உறையில் முடிகிறது.

இதே மாற்றம் ரெஜி புஷ்ஷின் பக்கம் திரும்பிப் பார்க்க இன்னும் காலம் எடுத்தது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக், 2005-இன் ஹைஸ்மன். மாணவராக இருந்தபோது அவரும் குடும்பமும் விளம்பர முகவர்களிடம் பணமும் குடியிருக்க வீடும் பெற்றதாக என்.சி.ஏ.ஏ. விசாரணை முடிவுசெய்தது. 2010 செப்டம்பரில் புஷ் விருதைத் துறந்தார், பிறகு சிலையைத் திருப்பிக் கொடுத்தார். வெற்றியாளர் பட்டியலில் அந்த ஆண்டு வெற்றிடமாக நின்றது. களத்தில் அவர் ஓடிய ஓட்டத்தில் எவரும் குறை சொல்லவில்லை. 14 ஆண்டு கழித்து, 2024 ஏப்ரல் 24 அன்று, கல்லூரி விளையாட்டின் நிலைமையே மாறிவிட்டது என்று காரணம் சொல்லி அறக்கட்டளை சிலையைத் திரும்பத் தந்தது. தந்தது சரி என்றே நினைக்கிறேன். விதியை அவர் மீறியது உண்மை. அத்தகைய விதிகளுக்கு எதிராக நீதிமன்றங்கள் பிறகு தீர்ப்பளித்ததும் உண்மை.

பெண்கள் பக்கம் இந்தக் கதை வேறு மாதிரி. அவர்களுக்குப் பரிசுதான் முதலில் வந்தது, ஆடுகளம் பின்னால் வந்தது என்றுகூடச் சொல்லலாம். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 1978-இல் பெண்கள் கூடைப்பந்துக்கான மார்கரெட் வேட் பெயரிலான கோப்பையை முதலில் வாங்கியவர் மான்ட்கிளேர் ஸ்டேட் கல்லூரியின் கேரல் பிளேஸஜௌஸ்கி. முந்தைய ஆண்டு மேடிஸன் ஸ்கொயர் கார்டனில் ஒரே ஆட்டத்தில் 52 புள்ளி எடுத்தவர். நேஸ்மித் விருதைப் பெண்களுக்கும் தரத் தொடங்கியது 1983-இல். ஷெரில் மில்லர் 1984, 1985, 1986 மூன்று ஆண்டும் வாங்கினார். வாங்கிய பிறகு போக அமெரிக்காவில் நிலைத்த தொழில்முறைப் போட்டியே இல்லை. டபிள்யூ.என்.பி.ஏ. ஆடத் தொடங்கியது 1997-இல். அதற்குள் முழங்கால் காயத்தால் மில்லரின் ஆட்டம் முடிந்துபோயிருந்தது. வுடன் விருது பெண்களுக்கு வந்தது 2004-இல்தான்.

2023, 2024 இரண்டு ஆண்டும் நேஸ்மித், வுடன் இரண்டையும் வாங்கிய ஐயோவாவின் கெய்ட்லின் கிளார்க் 3,951 புள்ளிகளோடு கல்லூரிப் படிப்பை முடித்தார். ஆண்களில் பீட் மராவிச் வைத்திருந்த 3,667-ஐ அவர் தாண்டியபோது பலர் விவாதித்தார்கள். மராவிச்சுக்கு மூன்று பருவமே கிடைத்தது, மூன்று புள்ளிக் கோடும் அன்று இல்லை. நியாயமான விவாதம், இருவரையும் குறைக்காத விவாதம். 2024 ஏப்ரலில் அவர் ஆடிய இறுதி ஆட்டத்தைச் சராசரியாக 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்தைவிட அதிகம். அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பிறகு தொழில்முறை அணியில் அவருக்கு முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். மாணவியாக இருந்தபோது விளம்பரங்களில் அவர் ஈட்டியது அதைப்போலப் பல மடங்கு. கல்லூரியை விட்டால் பணம் என்று இருந்த பாதை பெண்களுக்குக் கல்லூரியிலேயே பணம் என்று திரும்பியிருக்கிறது. பிளேஸஜௌஸ்கி இதைக் காணும் காலம்வரை வாழ்ந்திருக்கிறார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

திறந்த கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. நம் வீடுகளில் பலருக்குப் பழக்கமான எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்காவில் படிப்பவர்கள், அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே சம்பாதிக்கக் கூடாது. எந்த மேசையில் வேலை செய்யலாம், வாரத்துக்கு எத்தனை மணி என்று எண்ணி எண்ணிப் படித்த பிள்ளைகள் நம் ஊரிலும் உண்டு. அதே விசாதான் விளையாட்டு வீரருக்கும். 2023, 2024 இரண்டு ஆண்டும் நேஸ்மித் வாங்கிய பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடி டொரான்டோவிலிருந்து வந்தவர். 7 அடி 4 அங்குலம், சாம்ஸனுக்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு முறை வாங்கிய முதல் ஆள். சக வீரர்கள் உள்ளூர்க் கடைகளின் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதித்தபோது, நாட்டின் சிறந்த வீரரான அவர் அந்த வரிசையில் நிற்க முடியவில்லை.

அவருக்கு முந்தைய ஆண்டு, 2022-இல், எல்லா விருதுகளையும் வாங்கியவர் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆஸ்கர் சீப்வே. காங்கோ நாட்டின் லுபும்பாஷியிலிருந்து வந்தவர், அதே விசா. அந்த ஆண்டு ஆகஸ்டில் அணி நட்பு ஆட்டங்களுக்காக பஹாமாஸ் தீவுகளுக்குப் போனது. அமெரிக்க மண்ணில் செய்யக் கூடாத வேலையை அந்நிய மண்ணில் செய்யத் தடையில்லை. ஆட்டங்களுக்கு இடையில் கிடைத்த நேரத்தில் சீப்வே அங்கே படப்பிடிப்புகளுக்கு நின்றார், கையெழுத்துகள் போட்டார், வருடம் முழுக்க மற்றவர்கள் செய்துகொண்டிருந்ததை அந்தச் சில நாட்களுக்குள் செய்து முடித்தார். பிறகு அணியோடு விமானமேறி, மறுபடி மாணவராக மட்டும் இருப்பதற்கு, கென்டக்கிக்குத் திரும்பினார்.